ஒரே தடவை அளப்பவர்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறையில் 'ஒரே தடவை' என்று பெயர். எதையும் இரண்டாம் முறை அளக்கமாட்டார். அது கைக்கு அவமானமாம். அக்காவும் நானும் அவரோடுதான் வேலை செய்கிறோம். அக்கா வெல்டிங், நான் பாலிஷ்.

பல் டாக்டரம்மா ஒருவர், கடலில் நீந்திவிட்டுத் தன் சின்னப் பாய்மரப் படகில் ஏறிவர ஓர் ஏணி கேட்டார். படகு கரையில், முட்டுக்கட்டைகள்மேல் நின்றது. அத்தான் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று அளந்தார். மூன்று படி போதும் என்றார்.

"தண்ணிக்குள்ள வாளியை யாருங்க பிடிச்சிக்குவா?" என்றாள் அக்கா, பட்டறையில் ஏணியை வெல்டிங் செய்துகொண்டே.

"சும்மா இருடி. என் அளவு தப்புச்சுன்னா இந்த டேப் உனக்கு."

அந்த டேப்பைத் தூங்கும்போதுகூட அவர் இடுப்பிலிருந்து கழற்றமாட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் படியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

படகு ஏணியோடு தண்ணீரில் இறங்கிய அன்று, எல்லோரும் படகில் இருந்தபோது டாக்டரம்மா, "முதல்ல நீங்களே ஏறிக் காட்டுங்க" என்றார். அத்தான் டேப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, மிதவைச் சட்டையோடு குதித்தார். கடைசிப் படி தண்ணீருக்கு மேலே அரைச்சாண் நின்றது. பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். கால் படகுக்கு அடியில் போனது. மறுபடியும் தூக்கினார். மூன்றாம் முறை முழங்கால் மோவாயில் இடித்தது.

"ஏறலையாங்க?" என்றாள் அக்கா.

"இரு, தண்ணி ஜில்லுன்னு நல்லா இருக்கு."

கால் மணி நேரம் நல்லா இருந்தது. உதடு நீலமானது.

"பல்லு தந்தியடிக்கிறது இங்க வரைக்கும் கேக்குது" என்றார் டாக்டரம்மா.

அக்கா குனிந்தாள். "அளவு சரியா, தப்பா?"

"கொஞ்சூண்டு தப்பு."

அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. என் பையைத் திறந்தாள். அவர் சாப்பிடப் போன நேரங்களில் நாங்கள் செய்த இரண்டு படிகள், மடங்கும் கீலோடு அதில் இருந்தன. ஏணியில் அதற்கான துளைகளையும் அப்போதே போட்டிருந்தோம். அத்தான் முடித்த வேலையைத் திரும்பிப் பார்க்கிற ஆளில்லை.

"கையை எடுங்க" என்று ஏணியை மேலே மடக்கி, போல்ட் முடுக்கி, மறுபடி இறக்கினாள். புதுப் படிகள் தண்ணீருக்குள் முங்கின. அத்தான் சமர்த்தாக ஏறி வந்தார்.

வந்ததும் என்னிடம் கையை நீட்டினார். நான் டேப்பை அக்காவிடம் கொடுத்தேன்.

இப்போது அது அக்காவின் இடுப்பில்தான் இருக்கிறது. அத்தான் சாண் போட்டு அளக்கிறார். அதுவும் ஒரே தடவைதான்.