தேங்காய் நாரும் சிரட்டைக் கரியும்

பண்டார் தெங்காராவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மழைநீர் பிடிக்க ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி வைத்திருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் வந்த வறட்சியில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. அப்போதுதான் அந்தத் தொட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே ஒரே பாசி. கையை விட்டால் பச்சையாக ஒட்டியது. கொதிக்க வைத்தும் குளத்து வாடை போகவில்லை. பிள்ளைகள் வாயில் வைக்கவே மறுத்தார்கள்.

என் கணவரின் அக்கா தெப்ராவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொருள்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறார். லீவில் வந்திருந்தவர் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"வெளிச்சம் பட்டாத்தான் பாசி வளரும். தொட்டி வெள்ளையா இருக்கு, வெயில் உள்ள போகுது. முதல்ல கறுப்பு கன்வஸ் போட்டு மூடு. இருக்கற தண்ணிய நான் வடிச்சுத் தரேன்."

உயரமான வாளி ஒன்றின் அடியில் ஓட்டை போட்டுக் குழாய் பொருத்தினார். சரளைக்கல், அதன் மேல் சிரட்டைக் கரி, பிறகு கழுவிய ஆற்று மணல், மேலே தேங்காய் நார். அன்று மாலையே தண்ணீர் சொட்டத் தொடங்கியது. பச்சை போயிருந்தது. ஆனால் பழுப்பாக இருந்தது.

"அலமாக், தேத்தண்ணி மாதிரி வருதே அண்ணி!"

நான் சிரித்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "நார்ச் சாயம். கரித்தூளும் கலந்திருக்கு. என் தப்புதான்லா, ஊற வைக்காமப் போட்டுட்டேன்" என்று வாளியில் இருந்த எல்லாவற்றையும் வெளியே கொட்டினார்.

மூன்று நாள் நாரை ஊறவைத்து, காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினார். கரியை அலசி அலசி அவர் நகக்கண்கள் கறுத்துப் போயின. ஓய்வெடுக்க வந்த மனுஷி.

"போதும் அண்ணி, போத்தல் தண்ணி வாங்கிக்கலாம்" என்றேன்.

"இன்னும் கொஞ்சம்தான்" என்றார், தலை நிமிராமலே.

நான்காம் நாள் எல்லாவற்றையும் மறுபடி வாளியில் அடுக்கினார். மெதுவாக, சொட்டுச் சொட்டாக, தெளிந்த தண்ணீர் வந்தது. முகர்ந்து பார்த்தேன், வாடையே இல்லை. என் மகள் குடிக்கக் குவளையை நீட்டினாள். அண்ணி அதைத் தடுத்துப் பிடித்துக்கொண்டார்.

"பார்க்கத் தெளிவா இருந்தா சுத்தம்னு அர்த்தமில்ல. கிருமி கண்ணுக்குத் தெரியாது. கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும்."

அத்தனை பாடுபட்டவர், தன் வாளி செய்யக்கூடியதற்கு மேல் ஒரு சொல்கூடப் பெருமை பேசவில்லை. அவர்மேல் எனக்கு மதிப்பு கூடியது அந்த நிமிடத்தில்தான்.

கொதித்து ஆறிய தண்ணீரைப் பிள்ளைகள் முகம் சுளிக்காமல் குடித்தார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவும் குடம் கொண்டுவந்து பிடித்துப் போனார். அண்ணி தெப்ராவ் திரும்பிய பிறகும் வாரம் தவறாமல் போன் செய்வார்: "மேல் மணலச் சுரண்டிக் கழுவினியா? நார மாத்தினியா?" சில வாரங்கள் முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். மழை வரும்வரை எங்கள் வீட்டில் குடிநீருக்குக் குறை இருக்கவில்லை.