இரண்டு ஆட்டமும் எங்கள் சிரிப்பும்

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நண்பர் ஒருவரின் ஜெராக்ஸ் கடை. ஞாயிறு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவரையும் சேர்த்து நாங்கள் நாலு பேர் அங்கே ஆடுவோம். ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, பகடை உருட்டி, பேசிப் பேசியே ஒரு கதையை நடத்துகிற ஆட்டம். பழையது அலுத்துவிட்டது. புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வேலையை நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். எதையும் அலசிப் பார்த்துத்தான் முடிவு செய்வேன் என்ற கர்வம் எனக்கு உண்டு.

கையில் இரண்டு இருந்தன. ஒன்றில் நம் வேடத்தை நாமே விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். மற்றதில் யார் வீட்டில் பிறந்தோம் என்பதையே பகடைதான் சொல்லும். அரண்மனையாகவும் இருக்கலாம், குதிரை லாயமாகவும் இருக்கலாம். எனக்கு அதுதான் பிடித்தது. பகடைக்கு ஓரவஞ்சனை தெரியாது என்று வாட்ஸ்அப் குரூப்பில் பெருமையாக எழுதியும் போட்டேன்.

போன மாதம் ஆடிப் பார்த்தோம். கதை நடக்கும் இடம் எங்கள் ராஜகிரிக் கோட்டையேதான். எங்களில் ஒருவன் அவலூர்பேட்டை பஸ்ஸில் வருகிறவன், அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் காலனிக்காரன். நால்வரில் அதிகம் படித்தவனும் அவன்தான். பகடை அவனை இளவரசனாக்கியது, என்னை அவனுடைய வேலைக்காரனாக்கியது.

"பார்றா, ராஜா வூட்டுப் புள்ள ஆயிட்டான்," என்றார் கடைக்காரர். எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

அவன் ஒழுங்காகத்தான் ஆடினான். கோட்டை வாசலைத் திறக்கச் சொன்னான். "சரிங்க தொர," என்று நான் இழுத்தேன். சிரிப்பு. குதிரையைக் கொண்டுவரச் சொன்னான். மறுபடி சிரிப்பு. பழைய ஆட்டத்தில் கடைக்காரர் தளபதியாக இருந்து எத்தனையோ கட்டளை போட்டிருக்கிறார், ஒருவரும் சிரித்ததில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் கட்டளையிடுவதையே விட்டுவிட்டான். தானே லாயத்துக்குப் போய்க் குதிரையை அவிழ்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவன் வரவில்லை. வேலை இருக்குது என்று மெசேஜ் மட்டும் வந்தது. அப்புறம்தான் எனக்கு மெல்லப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. இனி வரவே மாட்டானோ என்று பயமாகவும் இருந்தது. போன் செய்தேன்.

"அந்த ஆட்டம் வேணாம்டா. இன்னொன்னையே வச்சிக்கலாம். அதுல யார் வூட்ல பொறந்தோம்னு பகடை சொல்லாது."

"ஆட்டம் நல்லாத்தான் இருந்துது," என்றான். "உன்னாண்ட ஒண்ணு கேக்கறேன். அந்த இன்னொரு ஆட்டத்துல நானே ராஜா வேஷம் எடுத்தா, சிரிக்க மாட்டீங்களா?"

மாட்டோம் என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் யோசித்தேன். அவன் போனை வைத்துவிட்டான்.