வெள்ளிக்கிழமை இறக்கிய பிடி

மீனவர் சங்கத்து அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. மெயின் சுவிட்ச். கற்பிட்டிக் கரையில் உப்புக் காற்றுக்குத் தப்பிய இரும்பு கிடையாது. அந்தப் பெட்டியும் துருவேறியதுதான். ஆனால் அதன் பிடி மட்டும் ஒரு காலத்தில் பளபளவென்று இருந்தது. சங்கச் செயலாளரின் கை பட்டுப் பட்டு வந்த பளபளப்பு அது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதைக் கீழே இறக்கி மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் அவர் ஜும்ஆத் தொழுகைக்குப் போவார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. முன்பு அவருக்கு அந்தத் தெருவில் ஒரு கடை இருந்தது. ஊரே பள்ளிவாசலில் இருந்த ஒரு வெள்ளி மதியம், வயர் சூடாகிக் கடை எரிந்து முடிந்தது. தண்ணீர் ஊற்ற ஓர் ஆள் தெருவில் இல்லை. அதன்பிறகு பாங்குக்கு முன்னால் அவர் கடை கடையாகப் போய், "மெயின அடிச்சாச்சா?" என்று கேட்கத் தொடங்கினார். மறந்தவர்களுக்குத் தானே அடித்துக் கொடுப்பார். பாங்கு சொல்லும் மோதினாரைவிட இவருக்குத்தான் அவசரம் என்று தெருவில் கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களும் சாவியை அவரிடம்தான் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

நான் தில்லையடியில் ஒரு பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். சங்கத்துக் கணினி மக்கர் பண்ணினால் என்னைக் கூப்பிடுவார்கள். படகுகளில் பொருத்திய சிறு கருவிகள் தாங்கள் இருக்கும் இடத்தைக் கரைக்கு அனுப்பும்; அது கணினியின் வரைபடத்தில் தெரியும். ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தானும் உண்டு. அமர்த்தினால் சங்கத்து அறையில் சைரன் அலறும். வெள்ளி மதியம் கொஞ்ச நேரம் கணினி அணைந்திருப்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை; பிடி ஏறியதும் எல்லாம் தானாக எழுந்துவிடும். கணினியில் ஓடியது லினக்ஸ், காசு கொடுக்கத் தேவையில்லை என்பதால். அதில் ஓடிய மென்பொருளைக் கொழும்பு நிறுவனம் ஒன்று தந்திருந்தது. புதிய பதிப்பு வந்தால் அவர்களே அங்கிருந்து இணைந்து நிறுவிவிடுவார்கள். செயலாளரின் வீடு சுவருக்கு அப்பால், அடுத்த வளவு. சைரன் இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அவர் நிம்மதியாகத் தூங்கினார். அவருடைய மூத்த மகனும் கடலுக்குப் போகிறவன்.

அந்தச் சனிக்கிழமை காலை அவர் போனில் அழைத்தார்; அவர் என்னை 'மகன்' என்பார், நான் அவரை 'நானா', அண்ணன், என்பேன். "மகன், மேப் தொறக்குதில்ல. மூத்தவன்ட போட்டும் இன்னம் வரல்ல. ஒருக்கா வாங்களன்." குரலில் பதற்றமில்லை. ஆனால் எதற்கும் 'ஒருக்கா வாங்களன்' என்று கெஞ்சுகிற மனிதரில்லை அவர். மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நுரைச்சோலையைத் தாண்டும்போது காற்று வண்டியைச் சாய்க்கப் பார்த்தது. கடலில் எப்படியிருக்கும் என்று நினைக்க விரும்பாமல் ஓட்டினேன்.

முந்தைய நாள் கொழும்பிலிருந்து புதிய பதிப்பை நிறுவத் தொடங்கியிருந்தது சங்கத்துக் கணினியில் தெரிந்தது; அதை நிறுவும் கட்டளைக் கோப்பை, ஸ்கிரிப்டை, மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வேறொரு நிறுவல் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. உண்மையில் அப்படி எதுவும் நடந்துகொண்டிருக்கவில்லை. ஸ்கிரிப்ட் தொடங்கும்போது போட்டுக்கொள்ளும் பூட்டுக் கோப்பு ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது, அவ்வளவுதான். ஓடியது பாதியில் செத்திருந்தால்தான் அது அப்படிக் கிடக்கும். அழித்துவிட்டு மறுபடி ஓட்டினேன். இப்போது வேறு பிழை.

"என்னயாம் செல்லுது?" என்று செயலாளர் பின்னால் நின்று கேட்டார்.

"ஃபைல் எதிர்பாராம முடிஞ்சிட்டாம் நானா."

ஸ்கிரிப்டைத் திறந்து கடைசி வரிக்குப் போனேன். ஒரு கட்டளை நடுவிலேயே அறுந்திருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. மென்பொருளை எழுப்பிவிடுகிற வரிகளும் சைரனை இணைக்கிற வரிகளும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். வட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி அணைந்தால் இப்படித்தான் ஆகும். இந்த ஊரில் மின்வெட்டு புதிதா என்ன? திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டேன், "நேத்து கரண்ட் போனதா நானா?"

பிறகுதான் திரும்பினேன். அவர் சுவரோடு சாய்ந்திருந்தார்.

"கரண்ட் போகல்ல மகன். நான்தான் மெயின அடிச்சன். ஸ்கிரீன் கறுப்பா இருந்திச்சி. ஒண்டும் ஓடல்லண்டு நெனச்சன்."

கொழும்புப் பொறியியலாளருக்கு வெள்ளி மதியம் மற்ற நாள் போலத்தான். இணைப்பு அறுந்ததும், வழக்கம்போல் லைன் போய்விட்டது, திங்கட்கிழமை பார்ப்போம் என்று சாப்பிடப் போயிருக்கிறார். தொழுகை முடிந்து செயலாளர் பிடியை மேலே ஏற்றினார், கணினியின் பச்சை விளக்கு எரிந்தது, கதவைப் பூட்டினார். இரண்டு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

என் கைத்தொலைபேசி வழியாகப் புதுப் பிரதியை இறக்கினேன். பாதியில் பாதியில் நின்று, ஒருவாறு வந்து சேர்ந்தது. அந்த நேரம் முழுக்க செயலாளரின் உதடு பிரார்த்தனையில் அசைந்துகொண்டிருந்தது. ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் ஓடி முடிந்தது; வரைபடம் திறந்தது. சிக்னல் வாங்கும் பெட்டிக்குத் தனி பெட்டரி உண்டு. கணினி கேட்காத செய்திகளையெல்லாம் அது சேர்த்து வைத்திருந்தது. எல்லாம் ஒரேயடியாகக் கொட்ட, சைரன் அலறத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை பின்னேரத்துச் சைரன்.

பொத்தான் ஒருமுறை அல்ல, பலமுறை அமர்த்தப்பட்டிருந்தது. படத்தில் மூத்த மகனின் படகு வடக்கே இழுபட்டுக்கொண்டே போய், ஓரிடத்தில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. சைரனை நிறுத்தக்கூட எனக்குக் கை எழவில்லை. அவர்தான் வந்து நிறுத்தினார்.

நாங்கள் சொன்ன இடத்துக்குக் கடற்படை போனது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவனை உயிரோடு கொண்டுவந்தார்கள். மகன் கிடைக்கவில்லை. அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை. உயிர் தப்பியவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னான், "எஞ்சின் நிண்டதும் அமத்தினம். இவங்கட மகன், பயப்படாதீங்க, எங்கட வாப்பா சைரனுக்குப் பக்கத்துலயேதான் ஈக்கிறாரு, இப்ப ஆள் அனுப்புவாருண்டு செல்லிக்கிட்டே இருந்தாரு." செயலாளர் கட்டிலின் கால்மாட்டில் நின்று அதைக் கேட்டார். அவர் அழவில்லை. நான் வெளியே போய் அழுதேன்.

ஊர் அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. அது அவருக்கு உதவவும் இல்லை. அதன்பிறகு அவர் அந்தப் பிடியைத் தொடவேயில்லை. தெருவிலும் மற்றவர்கள் தாங்களாகவே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் கடைசி ஆளாகப் பள்ளிவாசலுக்குப் போவார். போகும்முன் அறைக் கதவில் கைவைத்து, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "உள்ளுக்கு ஏதும் ஓடுதா?" என்று கேட்பார். நான் இருந்தால், "ஓம் நானா, ஓடுது" என்பேன். இல்லாத நாட்களில் கொஞ்ச நேரம் காத்து நின்றுவிட்டுப் போவாராம். போன நோன்புக்கு முன் மௌத்தாகி அடக்கமாகிவிட்டார்.

போன வாரம் வயர் வேலைக்கு ஒருவரைக் கூட்டிவந்தோம். நுரைச்சோலைப் பக்கத்து ஆள். பழைய கதை எதுவும் தெரியாதவர். பிடியை இழுத்துப் பார்த்தார். துருவில் இறுகி, மேலேயே நின்றுவிட்டது. "நெருப்புப் பத்தினா நிப்பாட்ட ஏலாது சேர். மாத்தத்தான் வேணும்" என்றார். சரியான பேச்சு. மாற்றுங்கள் என்றேன். வெளி லைனைக் கழற்றக் குறடு ஒன்றை எடுத்தவர், கதவில் ஒரு கையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்து, "உள்ளுக்கு ஏதும் ஓடுதா சேர்?" என்று கேட்டார்.

திரையில் படகுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ஓம், ஓடுது," என்றேன். "கடல்ல ஆக்கள் ஈக்கிறாங்க. எல்லாரும் கரைக்கு வரட்டும்."

அவர் கையிலிருந்த குறட்டைத் தன் பையில் போட்டுக்கொண்டு, வாசற்படியில் உட்கார்ந்தார்.