ஈரச்சட்டையைக் கேட்க ஆலந்தலைக்குப் போனேன்

சென்ற ஆகஸ்டில் இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனேன். காரணம் ஒரே ஒரு பாட்டு. மருந்துக் கம்பெனி வேலை எனக்கு. பாதி நாள் பேருந்தில்தான் கழியும். காதில் எப்போதும் எதையாவது மாட்டியிருப்பேன். ஒருநாள், கேட்டுக்கொண்டிருந்த பாட்டு முடிந்ததும் செயலி தானாகவே ‘குட்டி’ என்றொரு பாட்டைப் போட்டது. பாடியது ‘ஈரச்சட்டை’ என்ற குழு. முந்நூறு பேர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை. பன்னிரண்டு கம்பி கிட்டார், சில்லறையைத் தரையில் கொட்டியதுபோலக் கலகலவென்று ஓடியது. அதன்மேல் ஒரு பெண் குரல், பக்கத்து சீட்டிலிருந்து பேசுகிற மாதிரி, எந்த அலங்காரமும் இல்லாமல் பாடியது. ஒரே குடையில் இரண்டு பேர் மழையில் பீச் ரோட்டில் நடக்கிறார்கள், வீட்டுக்கு வந்ததும் ஒருவர் சட்டையை இன்னொருவர் பிழிந்து காயப்போடுகிறார். அவ்வளவுதான் பாட்டு. காதல் பாட்டு என்று நினைத்தேன். திருநெல்வேலி வரும்வரை வேறு எதையும் கேட்கவில்லை.

குழுவுக்கு எழுதினேன். பாடகி ஜெனிட்டாவே பதில் போட்டார். தனியாகக் கச்சேரி வைக்க யாரும் கூப்பிடுவதில்லை, வயிற்றுப்பாட்டுக்கு ஒரு ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்து கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுதான் வாசிக்கிறோம், நடுவில் எங்கள் பாட்டு ஒன்றைச் சொருகிவிடுவோம், புதன்கிழமை ஆலந்தலையில் ஒரு கல்யாணம் இருக்கிறது, விருப்பம் இருந்தால் வேனில் இடம் உண்டு என்றார்.

செவ்வாய் மதியம் மாட்டுத்தாவணியில் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எண்ணூறு ரூபாய்க்கு அறை. மின்விசிறி சுற்றியது, அதற்குமேல் சொல்ல எதுவுமில்லை. தூத்துக்குடியின் பேர்போன இனிப்பு மக்ரூனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் எழுதப் போவதில்லை.

புதன் காலை ஆறு மணிக்குத் திரேஸ்புரத்துக்கு ஆட்டோ பிடித்தேன். ஈரச்சட்டையைத் தெரியுமா என்று ஓட்டுநரிடம் கேட்டுவைத்தேன். “சட்டையா? துணிக்கடை பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க அண்ணாச்சி” என்றார். திரேஸ்புரத்தில் படகுகள் வந்து மீன் ஏலம் போய்க்கொண்டிருந்தது. அது ஜெனிட்டா பிறந்து வளர்ந்த இடம். ஆனால் அங்கே போனால் தன் பெயரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முந்தின நாளே செய்தி அனுப்பியிருந்தார். ஏதோ கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டரைக்கு என் அறை வாசலுக்கு வேன் வந்தது. ஈரச்சட்டை என்பது மூன்றே பேர். கிட்டார் வாசிப்பவர் டேனியல், ஜெனிட்டாவின் கணவர், சாத்தான்குளத்துக்காரர். டிரம்ஸ் வாசிக்கும் முத்துக்குமார் மற்ற நாட்களில் துறைமுகத்தில் கண்டெய்னர்களைச் சரிபார்க்கிறவர். முன் சீட்டில் ஆர்க்கெஸ்ட்ரா முதலாளி. ஆலந்தலைக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். உப்பளங்களைத் தாண்டி, முக்காணியில் ஆற்றைக் கடந்து, காயல்பட்டினம், திருச்செந்தூர் வழியாக ஒன்றேகால் மணி நேரம். டேனியல் வழி முழுக்கக் கிட்டார் கம்பிகளின் விலையைப் பற்றிப் புலம்பினார்.

ஊர் முனையில் கல்யாண பேனர். அதில் மணப்பெண்ணின் படத்தைப் பார்த்ததும் டேனியல் புலம்பலை நிறுத்தினார்.

“ஏளா, இது ஒந் தங்கச்சில்லா?”

“ஆமா. தெரிஞ்சுதான் வந்தேன். பாடிட்டுப் போயிருவோம்.”

வேனைத் திருப்பச் சொன்னார் டேனியல். முதலாளிக்கு விஷயம் எதுவும் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார்தான் முன்பணம் கொடுத்தவர்கள், பாடுவதற்கு வேறு பெண்ணும் இல்லை, கடைசி நேரத்தில் காலை வாரினால் எப்படி என்று அவர் கத்தினார். டேனியல் இறங்கிப்போய் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கினார்.

மேடைக்குப் பின்னால் வயரைப் பிரித்தபடி அவர் என்னிடம் சொன்னது இதுதான். அம்மா இல்லாத வீட்டில் அந்தத் தங்கையைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தது ஜெனிட்டா. மூன்று வருடத்துக்கு முன் இவர்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பையன் வேறு சாதி, வேறு சபை. எனக்கு ஒரே மகள்தான் என்று விசைப்படகு வைத்திருக்கும் அப்பா சொல்லிவிட்டார். அதன்பிறகு தங்கையும் போனை எடுப்பதில்லை. குடைக்குள் நடந்த இரண்டு பேர் அக்காளும் தங்கையும், ‘குட்டி’ அந்தத் தங்கைதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கோயிலில் பூசை முடிந்து பதினொன்றரைக்கு எல்லோரும் பந்தலுக்கு வந்தார்கள். கடற்காற்று பந்தல் துணியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. ஜெனிட்டா மூன்று சினிமாப் பாட்டுகள் பாடினார். மூன்றாவது பாட்டின்போது, வெள்ளை வேட்டியில் ஒருவர் பந்திப் பக்கமிருந்து மேடைக்கு நேராக வந்தார். முகஜாடையே போதும், ஜெனிட்டாவின் அப்பா என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. சண்டைதான் என்று முத்துக்குமார் குச்சியைக் கீழே வைத்தார். வந்தவர் பாட்டு முடியும்வரை கைகட்டி நின்றார். பிறகு முதலாளியைக் கூப்பிட்டார்.

“நல்லாத்தான் பாடுதாவ. எந்த ஊரு புள்ள?”

“நம்ம தூத்துக்குடிதான் அண்ணாச்சி.”

அவர் ஜெனிட்டாவை நிமிர்ந்து பார்த்தார். “அப்படியா. நம்ம ஊர்ல இந்த மொகத்த நான் பாத்ததில்லையே.”

மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் மேடையேறி அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. டேனியல் கிட்டாரைக் கழற்றப் போனார். ஜெனிட்டா அவரைப் பார்க்காமலே, ‘குட்டி’யைத் தொடங்கச் சொன்னார்.

தொடங்கினார்கள். கைப்பேசியில் கேட்டதைவிட வேகமாக இருந்தது. கிட்டாரின் அந்தக் கலகலப்பு பந்தல் முழுக்கத் தெறித்தது. ஒரு சாதாரண மழை நாளை இவ்வளவு துள்ளலாக வாசிக்க முடியுமா என்று வியந்துதான் நான் அங்கே போயிருந்தேன், அன்றைக்கு அந்தத் துள்ளலைக் கேட்கவே முடியவில்லை. மணப்பெண் ஒருமுறை தலையைத் தூக்கினாள். அக்காவைப் பார்த்தாள். அடுத்த வரிசை உறவினர் போட்டோவுக்கு ஏறினார்கள். அவள் போட்டோக்காரரைப் பார்த்துச் சிரித்தாள், பாட்டு முடியும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் நான் மட்டும் கைதட்டினேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களுக்கு சமையல் பந்தலுக்குப் பின்னால் கடைசியில் சாப்பாடு. நாங்கள் மூன்று பேரும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஜெனிட்டா மட்டும் கறியைப் பிசைந்து சாப்பிட்டார், இன்னொரு தடவை சோறும் கேட்டு வாங்கினார். “எந் தங்கச்சி கல்யாணச் சோறுல்லா. திங்காமப் போவேனா” என்றார். திரும்பும்போது முக்காணிப் பாலம்வரை நன்றாகத்தான் இருந்தார். அதன்பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டேனியல் கையை நீட்டினார், அவர் பிடிக்கவில்லை.

முத்துக்குளித்துறை என்று அந்தக் கரைக்குப் பெயர். ஊரே அந்தப் பெயரைப் பெருமையாகச் சொல்கிறது. வீட்டுக்குள் இருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டு அப்படி என்ன பெருமை என்று எனக்குத் தோன்றியது. கோபத்தில் எழுதுகிறேன், தெரியும். அந்த அப்பாவுக்கும் ஏதாவது நியாயம் இருக்கும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இருக்கலாம். எனக்கு அதைத் தேட மனமில்லை.

என்னைப் போல ஊர் பெயர் தெரியாத குழுக்களைத் தேடிப் பயணம் போக நினைப்பவர்களுக்கு: நேராகக் குழுவுக்கே எழுதுங்கள், பதில் போடுவார்கள், அவர்களுக்கு எழுதுகிறவர்கள் குறைவு. ஆலந்தலைக்குத் தனியாகப் போவதென்றால் திருச்செந்தூரில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள், நூற்றைம்பதுக்குமேல் கொடுக்காதீர்கள். ஆகஸ்டில் காற்றோடு மணலும் வரும், கண்ணாடி அவசியம். கல்யாண வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் யாருடைய கல்யாணம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஈரச்சட்டையைத் தேடாதீர்கள். ஜெனிட்டாவின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன் என்றாலும், குழு, பாட்டு, ஆட்கள் என்று எல்லாப் பெயர்களையும் மாற்றிவிட்டேன். அந்தப் பாட்டும் இப்போது இணையத்தில் கிடையாது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ அதைக் கேட்டுவிட்டு, இந்தக் குட்டி யார் என்று விசாரித்திருக்கிறார்கள். தங்கை போன் செய்து எடுத்துவிடச் சொன்னாளாம். எடுக்கவே கூடாது என்று டேனியல் சண்டை போட்டிருக்கிறார். ஜெனிட்டா அன்றைக்கே எடுத்துவிட்டார். ஏன் என்று நானும் கேட்டேன்.

“மூணு வருசங்கழிச்சு அக்கான்னு கூப்பிட்டா, மாட்டேன்னா சொல்ல முடியும்?” என்றார். “சரின்னு சொன்ன பெறவும் நான் போன வைக்கல. நல்லாருக்கியான்னு கேப்பான்னு பாத்தேன். கேக்கல.”