சித்தி அளந்த கரண்ட்

இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கும்போது சித்தி மானாம்பதியில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். அம்மாவின் தங்கை. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

தண்ணீரில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று காட்டும் கருவி ஒன்றை அவள் செய்துகொண்டிருந்தாள். அதற்குள் ஆப்-ஆம்ப் என்று ஒரு சிப். தண்ணீரில் முக்கும் கண்ணாடிக் குச்சியிலிருந்து வரும் சிக்னல் மிகவும் பலவீனமானது; சிப் தன் காலால் துளி கரண்டை உறிஞ்சினால்கூட கணக்கு தப்பிவிடும். எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அவள் எழுதிக் காட்டியபோது, “கம்பெனிக்காரன் அச்சடிச்சதைப் பார்த்து எழுதினதுதானே?” என்று காலேஜ் சார் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். திங்கட்கிழமைக்குள் அவளே அளந்து காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிராஜெக்ட் செல்லாது.

ஞாயிற்றுக்கிழமை விடாத மழை. அந்தக் கரண்ட் எங்களிடமிருந்த மீட்டரில் சிக்குகிற அளவே இல்லை. அதைச் சின்னக் கபாசிட்டர் ஒன்றில் சேரவிட்டு, வோல்ட் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பதுதான் சித்தியின் வழி.

“ஓட்டுல ஒழுவுற தண்ணிக்குக் கீழ சொம்ப வெச்சு, எப்ப ரொம்புதுன்னு பாக்கறோமில்ல, அது மாதிரிதாங்கா” என்றாள் அம்மாவிடம்.

காலையில் ஈரக்காற்று கெடுத்தது. போர்டை ஸ்பிரிட்டில் துடைத்து, குண்டு பல்பின் சூட்டில் காயவைத்தாள். பிறகு நாங்கள் கெடுத்தோம். அம்மாவின் நைலான் புடவை சரசரத்தாலே மீட்டரில் எண் தாவியது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். “மூச்ச மட்டும் வுடு, போதும்” என்று சொல்லி என்னைக் கட்டிலில் உட்காரவைத்தாள் சித்தி.

எண் ஒழுங்காக ஏறத் தொடங்கியபோதுதான் நடவு வேலை முடிந்து அப்பா தொப்பலாக வந்தார்.

“மாமா, அங்கியே நில்லுங்க!”

“இன்னாம்மா, ஷாக் கிக் அடிக்குமா?”

“அடிக்காது மாமா. யாரு நடந்தாலும் அளவு ஓடிப்பூடுது.”

“சரி, நீ பாரு. நான் இங்க கீறேன்.”

அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். மழை அவர் முதுகில் அடித்தது. நிலத்துக்காரர் வீட்டுக்கு அவரோடு போயிருக்கிறேன். அங்கே கேட்டுக்கு வெளியேதான் நிற்பார். மழை பெய்தாலும் யாரும் உள்ளே வா என்று சொன்னதில்லை. இப்போது சொந்த வீட்டிலுமா? ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து உள்ளே இழுக்கக் கட்டிலிலிருந்து எழப்போனேன். அப்பா அதைக் கவனித்துவிட்டார். உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார். அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

“வந்துடுச்சு!” என்று சித்தி கத்தினாள்.

“எவ்ளோம்மா?” என்றபடி அப்பா உள்ளே வந்தார்.

“ஒரு ஆம்பியர லட்சங்கோடி துண்டாப் போட்டா, அதுல சிலது மாமா.”

“அடக் கடவுளே, இத்தினிக்கூண்டுக்கா நனைஞ்சேன்!” என்று அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

திங்கட்கிழமை சார் தானே உட்கார்ந்து சரிபார்த்தாராம். அப்புறம் வகுப்பு முழுவதையும் அழைத்து அவளை விளக்கச் சொன்னாராம். சித்தி இன்று சென்னையில் இப்படிப்பட்ட சர்க்யூட்டுகளைத்தான் வடிவமைக்கிறாள். என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காலேஜில் சேர்த்தவளும் அவள்தான். அவளுக்கும் அப்பாவுக்கும் நான் பட்டிருக்கும் நன்றிக்கடனுக்கு அளவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சித்தியோடு பேசவில்லை. அவளும் அப்பாவை வெளியே நிற்கவைத்துவிட்டாள் என்று கோபம். ஒருவர் தானாக விரும்பியும் மழையில் நிற்பார் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. தலையைத் துவட்டிக்கொண்டே, பார்த்தவர்களிடமெல்லாம், “எங்க பொண்ணு அளந்துட்டா” என்று அப்பா ஏன் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்கு விளங்கவில்லை.