யான்தேயின் பெயர்க்கட்டம்

காங் வூநியாங் துன்ஹுவாங் சந்தையில் எள் ரொட்டி சுட்டு விற்பவள். பாலைவனம் தாண்டி ஒட்டகங்களோடு கோத்தான் ஊருக்கு வணிகம் செய்யப் போன அவள் மகன் யான்தே மூன்று வருடமாகத் திரும்பவில்லை. உயிரோடிருக்கிறான் என்று பாதி ஊரும், இல்லை என்று மீதி ஊரும் ரொட்டி வாங்கிக்கொண்டே சொல்லும். அவள் இரண்டு பாதிக்கும் தலையாட்டுவாள்.

அவள் இருந்த பெண்கள் சங்கம் குகைக்கோயிலில் ஒரு சுவரைத் தீட்டப் பணம் கொடுத்தபோது, கதையைத் தேர்ந்தெடுத்தவள் அவள்தான். கணவாயில் கள்ளர் மறிக்க, வணிகர்கள் போதிசத்துவர் பெயரைச் சொல்லிப் பிழைக்கும் கதை. ஓவியர் லிங்ஹூ, கள்ளர் உருவிய வாள்களையும் தரையில் இறக்கிய மூட்டைகளையும் அழகாகவே தீட்டினார்.

"பொழைச்சது எங்கய்யா?" என்றாள்.

"அது பக்கத்துல எழுத்துல வரும்மா. படத்துல வாளு இருந்தாத்தான் பாப்பாங்க."

"எனக்கு எழுத்து தெரியாதே. அப்ப எனக்கு மட்டும் பொழைக்கல."

எழுதுவது என் வேலை. மடத்தில் கையெழுத்து நன்றாக உள்ள துறவிக்குக் கிடைக்கும் தண்டனை அது. கதைக்குக் கீழே, சுவருக்குப் பணம் கொடுத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பூ ஏந்தி வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொரு தலைக்கருகிலும் ஒரு பெயர்க்கட்டம். இறந்தவர் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று எழுதினால்தான் புண்ணியத்தில் அவர் பங்கு அவரைத் தேடிப் போகும். உயிரோடிருப்பவனுக்கு எழுதினால் சாபம். யான்தேயின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

சுவரின் திறப்புவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் சங்கத் தலைவி, யின் என்பவள், மற்றப் பெண்களோடு வந்து வூநியாங் முன்னால் நின்றாள். "ஏதாவது ஒண்ணு சொல்லுடி. ஒம்மவன் ஒருத்தனுக்காக நாங்க அத்தனை பேரும் காத்துக் கெடக்கோம்."

"அவன் பொறந்ததே பத்து நாள் தள்ளித்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் வூநியாங் என்னைப் பார்த்தாள்.

"மறைந்தன்னே எழுதுங்க சாமி. செத்திருந்தா பட்டினி கெடக்க வேணாம். உசுரோட இருந்தா கோவம் வரட்டும். சண்டை போடவாச்சும் வீட்டுக்கு வருவான்ல."

எழுதினேன். எழுத்து நன்றாகவே வந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் ஆளுக்கொரு படி மாவும் எண்ணெயும் தர வேண்டும் என்பது சங்கத்தின் விதி. சுவரில் எழுதியது எழுதியதுதான். மறுநாள் காலை சங்கத்தின் மற்றப் பதினைந்து பேரும் துக்கத்துக்கு வெள்ளை உடுத்தி அவள் வாசலுக்கு வந்தார்கள்.

"எதுக்கும் இருக்கட்டும்னுதானடி எழுதச் சொன்னேன்," என்றாள்.

யின் மாவுப் பையை நீட்டினாள். வூநியாங் அந்தக் கையைத் தள்ளினாள். அடுத்தவள் நீட்டினாள். பதினைந்து கைகளில் எத்தனையைத் தள்ள முடியும்?

அன்று சந்தையில் அவள் அடுப்பு எரியவில்லை. ரொட்டிக்கு வந்த ஒருவன் அங்கே நின்ற யினிடம் காரணம் கேட்டான்.

"மவன் செத்துட்டான்," என்றாள் யின்.

"அடப்பாவமே. எப்ப?"

யின் கொஞ்சம் யோசித்தாள்.

"நேத்து."