இரண்டடி தள்ளுபடி

வெர்லின் ஸ்டக்கியைக் கெட்டவன் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். நான் சொல்வேன். ஆனால் அதே மூச்சில் என்னையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

மிசிசிப்பிக் கரையில் அவனுக்கு ஆறு மரக்குடில்கள். மே மாதம் பிறந்ததும் செயின்ட் லூயிஸிலிருந்து கெளுத்தி பிடிக்க வருகிற குடும்பங்கள்தான் அவனுக்குச் சோறு போட்டன. என் சாப்பாட்டுக் கடை மேட்டுத் தெருவில். காலை ஆறு மணிக்கு முதல் காப்பி வெர்லினுக்கு, இரண்டாவது அவன் அண்ணன் ராய்ஸுக்கு. ராய்ஸ் நாற்பது வருஷம் சிமென்ட் ஆலையில் தூசி தின்றவர். மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடுதான் வருவார். மனைவி போய்ச் சேர்ந்த பிறகும் ஆற்றோரத் தெருவில், ஊரிலேயே பள்ளமான வீட்டில், தனியாகவே கிடந்தார்.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஆறு ஏறும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை, அதிசயமெல்லாம் டிவியில்தான். ஒரு வருஷம் நிருபன் ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, சாலையே மூழ்கிவிட்டது என்று கேமராவைப் பார்த்துக் கத்தினான். அவன் நின்றது வெர்லின் படகு இறக்குகிற சரிவு. சொட்டு மழை இல்லாத கோடையிலும் அங்கே நின்றால் இடுப்பு நனையும்.

"ஏம்ப்பா, இன்னும் ரெண்டடி கீழ இறங்கி நில்லேன்! தொப்பி மட்டும் தெரிஞ்சா ஜனங்க இன்னும் நல்லா பயப்படுவாங்க" என்று வெர்லின் கரையிலிருந்து கத்தியதை அவர்கள் ஒளிபரப்பவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஆறு குடில்களுக்கும் முன்பதிவு ரத்தானது.

மூன்று வருஷம் இதே கூத்து. வானிலை ஆட்கள், கரையில் நட்ட அளவுகோலில் ஆறு இத்தனை அடியிலிருந்து இத்தனை அடிவரை ஏறலாம் என்று இரண்டு எண் கொடுப்பார்கள். டிவி பெரிய எண்ணை மட்டும் வாசிக்கும். தண்ணீர் ஒவ்வொரு முறையும் அதற்கு இரண்டடி கீழேயே நின்றுவிடும். ஆகவே ஊரே ஒரு முடிவுக்கு வந்தது: டிவி சொன்னதில் இரண்டடி தள்ளுபடி. என் கடைக் கரும்பலகையில் நானே எழுதுவேன், 'டிவி இருபத்தேழு, நாம இருபத்தஞ்சு' என்று. படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சாமானைக் கட்டுவதா வேண்டாமா என்பதையும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள்.

வெர்லின் சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினான், நூற்றுப்பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கினான், டிவி நிலையத்துக்கே போய் வாசலில் உட்கார்ந்தான். கடைசியில் வானிலை வாசிக்கிற பெண் ப்ரின் ஹாலோவே பிப்ரவரியில் எங்கள் தீயணைப்பு நிலையக் கூடத்துக்கே வந்தார்.

"நீங்க கேக்கறது நியாயந்தான் சார். பெரிய நம்பரை மட்டும் படிச்சது எங்க தப்பு. இனிமே எது நடக்க வாய்ப்பு அதிகமோ அதத்தான் சொல்லுவோம்."

"அப்படி வாங்க வழிக்கு!" என்றான் வெர்லின். கைதட்டல் கூரையைப் பிளந்தது. நானும்தான் தட்டினேன்.

ஏப்ரலில் ஆற்றின் மேல்பக்கம், அயோவாவில், மழை கொட்டித் தீர்த்தது. ப்ரின் திரையில் வந்து, குரலைக்கூட உயர்த்தாமல், இருபத்தாறு அடி என்றார். நான் சுண்ணக்கட்டியை எடுத்தேன். 'டிவி இருபத்தாறு, நாம இருபத்திநாலு.' பழக்கதோஷம். அந்தக் கூடத்தில் கைதட்டிய ஒரு ஜன்மத்துக்கும் அந்தத் தள்ளுபடி முடிந்துபோனது உறைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் ராய்ஸ் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"டேய் வெர்லின், என் வீட்டுத் தரை இருபத்தஞ்சடி மட்டம்டா. ஜோலீன் காரை எடுத்துக்கிட்டு வரேங்கறா. கிளம்பட்டுமா?" ஜோலீன் அவருடைய ஒரே மகள், இரண்டு மணி நேர தூரத்தில் இருக்கிறாள்.

"அண்ணே, பலகையைப் பாரு. இருபத்திநாலு. உன் வாசப்படிகூட நனையாது. டிவிக்காரி பேச்சைக் கேட்டு அந்தப் பொண்ணு எதுக்கு லீவு போடணும்?"

ராய்ஸ் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப சரி. மார்வா, இன்னொரு முட்டை போடு" என்றார். போட்டேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தண்ணீர் இருபத்தைந்தைத் தாண்டியது. ஆற்றோரத் தெருவுக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள், வேறு வழியில்லை. ராய்ஸின் ஆக்ஸிஜன் இயந்திரம் நின்றது. கைவசம் இருந்தது ஒரே சிலிண்டர், இரண்டு மணி நேரம் வரும். அவர் தம்பிக்குப் போன் செய்தார். தீயணைப்புப் படகுகள் இரண்டும் முதியோர் இல்லத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தன. வெர்லின் தன் தட்டைப் படகில் தனியாகக் கிளம்பினான். தண்ணீரில் வந்த வேலிக்கம்பி மோட்டாரில் சுற்றிக்கொண்டது. துடுப்பு போட்டான், தண்ணீரின் இழுப்பு அவனைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனது. மற்ற நாளில் காரில் மூன்று நிமிஷம். அன்று இரண்டரை மணி நேரம்.

அண்ணன் சமையலறை மேசைமேல் சுவரில் சாய்ந்தபடி இருந்தார். உடம்பு இன்னும் சூடாக இருந்ததாம். அதை மட்டும் வெர்லின் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

ஆறு இருபத்தாறில் நின்றது. ஓர் அங்குலம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

யார் மேல் ஆத்திரப்படுவேன்? மூன்று வருஷம் பூச்சாண்டி காட்டினார்கள், நாலாவது வருஷம் உள்ளதைச் சொன்னார்கள். அதற்குள் எங்கள் காதைக் கெடுத்துவிட்டார்கள், நாசமாய்ப் போக! ஆனால் தலையாட்டியது டிவி இல்லையே, நான்தானே.

அடக்கம் முடிந்து சர்ச் வாசலில் ஜோலீன் நின்றிருந்தாள். வெர்லின் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு அவளிடம் போனான்.

"நான்தாம்மா அவரப் போக விடல…"

"தெரியும் சித்தப்பா" என்றாள் ஜோலீன். குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. "புதன்கிழமை சாயங்காலம் போன்ல அழுதேன். டிவியில இருபத்தாறுங்கறாங்க, வந்துடுங்கப்பான்னு. சிரிச்சாரு. 'டிவிக்காரங்களுக்கு என்னைத் தெரியுமாடி? என் தம்பிக்கு என்னைத் தெரியும்'னாரு."